ஹெட்லைட் ஃபோகஸ் நாமே செட் செய்வது எப்படி? ஒரு சுவர், மாஸ்கிங் டேப், டியூப் லெவல் போதும்

இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிப்பதைப் பற்றிப் புலம்பாத டிரைவர் கிடையாது. ஹை பீமில் வருகிறவர்களைத் திட்டுகிறோம், சரி. ஆனால் லோ பீமிலேயே கண் கூசவைக்கும் வண்டிகளும் நிறைய ஓடுகின்றன. ஓட்டுகிறவருக்கு அது தெரிவதில்லை. "நான் டிம்லதானே வர்றேன், ஏன் எல்லாரும் எனக்கு லைட் அடிக்கிறாங்க?" என்று நினைத்ததுண்டா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். என் காருக்குப் பல்பு மாற்றிய பிறகு அதே நிலைமை. சர்வீஸுக்கு விட்டால் "லைட் நல்லாத்தான் எரியுது சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம்தான் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டேன்.

ஹாலோஜன் பல்பு, பின்னால் ஸ்க்ரூ வைத்துத் திருப்பும் டூம் (பல்பு உட்காரும் விளக்குக் கூடு) உள்ள கார்களுக்கான செய்முறை இது. தானாக ஏறி இறங்கும் எல்இடி விளக்கு உள்ள புது வண்டி என்றால் கை வைக்காதீர்கள், ஷோரூமில் கொடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்

கண் கூசுவது பாதிப் பிரச்சினைதான். அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் ஆளைக் கொல்கிறது. எதிரே ஒரு கார் வருகிறது, உங்கள் பக்கம் ஓரமாகப் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் ஒன்று போகிறது என்று வையுங்கள். எதிர் வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி, பார்வை மேல் வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிடும். டிராக்டர் அங்கேயேதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாது. அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலைகள் உள்ள முண்டியம்பாக்கம், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வெளிச்சம் கடந்த பிறகும் பார்வை உடனே திரும்பாது, சில விநாடி ஆகும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். வயது கூடக்கூட, முக்கியமாகக் கண்புரை ஆரம்பித்துவிட்டால், கூச்சமும் கூடும், தெளியும் நேரமும் கூடும்.

இன்னொரு கணக்கு. லோ பீமின் மேல் விளிம்பு 100-க்கு 1 என்ற சரிவில் கீழே இறங்க வேண்டும், அதாவது 10 மீட்டர் தள்ளி 10 செ.மீ. தாழ்வு. விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரம் என்றால் வெளிச்சம் 65 மீட்டரில் தரையைத் தொடும். அதே விளக்கு கீழே 1 சதவீதம் இறங்காமல் மேலே 1 சதவீதம் ஏறியிருந்தால்? 50 மீட்டர் தள்ளி 115 செ.மீ. உயரத்தில் அடிக்கும். எதிர் காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் இருப்பது ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். நல்ல விளக்குக்கும் கெட்ட விளக்குக்கும் நடுவே இருப்பது இந்த இரண்டு சதவீதம் மட்டுமே.

படி 1: ஸ்க்ரூவைத் தொடும் முன் பல்பைப் பாருங்கள்

பல்பு மாற்றிய பிறகு தொந்தரவு ஆரம்பித்திருந்தால் முதல் சந்தேகம் பல்பு உட்கார்ந்த விதத்தின் மேல்தான். லோ பீம், ஹை பீம் இரண்டும் ஒரே பல்பில் இருப்பதுதான் எச்4. அதன் வளையத்தில் மூன்று காதுகள் இருக்கும். மேலே வருவது மட்டும் அகலமானது. மூன்றும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து, அதன் மேல் கம்பி கிளிப் மாட்டியிருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் எரியும், ஆனால் வெளிச்சம் மரத்தின் மேல் அடிக்கும். என் கார் விஷயத்தில் பாதிக் கோளாறு இங்கேயே தீர்ந்தது. கண்ணாடிப் பகுதியை வெறும் விரலால் தொட வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் பல்பு சீக்கிரம் போய்விடும்.

படி 2: வண்டியைத் தயார் செய்வது

நான்கு டயரிலும் சரியான காற்று. டிக்கி காலி. டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். டாஷ்போர்டில் விளக்கை ஏற்றி இறக்க 0, 1, 2, 3 என்று எண் போட்ட லெவல் குமிழ் இருந்தால் 0-வில் வையுங்கள்.

படி 3: தரை மட்டம்

இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் எல்லாம் "சமதளத்தில் சுவருக்கு எதிரே நிறுத்தவும்" என்று ஒரே வரியில் தாண்டிவிடும். என்னை அலைய வைத்தது அந்த ஒரு வரிதான். நம் ஊரில் வீட்டு முற்றமோ போர்டிகோவோ உண்மையில் சமமாக இருக்காது. மழைத் தண்ணீர் ஓட கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது 1 சதவீதம், அதாவது நாம் செட் செய்யப்போகும் மொத்த அளவும் அதுதான். இதைக் கவனிக்காமல் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் ரோட்டில் பலன் இருக்காது.

இதற்கு ஸ்பிரிட் லெவலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இவ்வளவு நீளத்துக்கு அது சரிவராது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல்தான் சரி. ஹார்டுவேர் கடையில் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூப் 10 மீட்டர் வாங்கி, காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனை பின் சக்கரத்தின் பக்கம், இன்னொரு முனை முன் சக்கரத்தின் பக்கம். இரண்டு இடத்திலும் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை டேப்பால் அளங்கள். பிறகு முன் சக்கரத்துக்கும் சுவரின் அடிக்கும் அதே மாதிரி அளக்க வேண்டும்.

மூன்று இடமும் ஒரே மட்டம் என்றால் அதிர்ஷ்டம், அடுத்த படிக்குப் போகலாம். வாட்டம் இருந்தும் பின் சக்கரத்திலிருந்து சுவர் வரை மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே சீராக இருந்தால், அதுவும் பரவாயில்லை. வண்டியும் தரையும் சேர்ந்தே சாய்ந்திருப்பதால் எல்லா உயரத்தையும் சுவரடித் தரையிலிருந்து அளந்தால் போதும். வண்டி நிற்கும் இடம் ஒரு வாட்டம், சுவரை ஒட்டி வேறு வாட்டம் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கணக்குப் போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் ஆரம்பத்தில் குழப்பம்தான் மிஞ்சும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட், கல்யாண மண்டபத்தின் பார்க்கிங் போன்ற இடங்களைக் கேட்டுப் பாருங்கள்.

படி 4: சுவரில் கோடு

சாக்பீஸ் வேண்டாம், இருட்டில் தெரியாது. ஓர் அங்குல மாஸ்கிங் டேப் வாங்குங்கள்.

வண்டியைச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு விளக்கின் நடுப்புள்ளிக்கும் நேரே சுவரில் நெட்டுக்குத்தாக ஒவ்வொரு டேப் ஒட்டுங்கள். பல டூம்களில் நடுவைக் காட்டச் சின்னப் புள்ளியோ வட்டமோ இருக்கும், இல்லாவிட்டால் பல்பு இருக்கும் இடமே நடு. தரையிலிருந்து அந்த நடுவின் உயரத்தில் குறுக்காக ஒரு டேப். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பின்னால் எடுத்து, விளக்கின் கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையே 5 மீட்டர் வரும்படி நிறுத்துங்கள். பம்பரிலிருந்து அளக்கக் கூடாது. இப்போது முதல் குறுக்கு டேப்புக்கு 5 செ.மீ. கீழே இரண்டாவது டேப். பொலிரோ, ஸ்கார்பியோ போல விளக்கு உயரத்தில் இருக்கும் வண்டி என்றால் 7.5 செ.மீ. கீழே ஒட்டுங்கள். சில கார்களில் பானட்டுக்குள் ஸ்டிக்கரிலோ டூமின் மேலேயோ சதவீதமே அச்சிட்டிருக்கும். இருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

படி 5: திருப்புவது

இருட்டியதும் லோ பீம் போடுங்கள். ஒரு விளக்கைத் துண்டால் மூடி இன்னொன்றைப் பாருங்கள். ரொம்ப நேரம் மூடி வைக்காதீர்கள், ஹாலோஜன் சூட்டில் பிளாஸ்டிக் உருகிவிடும்.

சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலப்பக்கம் தட்டையாகவும், நடுவிலிருந்து இடப்பக்கம் மேலே ஏறியும் இருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஓரத்தில் நடப்பவர் தெரிய வேண்டும், வலப்பக்கம் எதிரே வருபவர் கண்ணில் படக் கூடாது, அதற்காகத்தான் இந்த வடிவம். உங்களுடையது தலைகீழாக, வலப்பக்கம் ஏறினால் அது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான டூம். ஆன்லைனில் மலிவாக வாங்கிய புரொஜெக்டர்களில் இப்படி வரும். அதை எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது, கழற்றிவிடுங்கள்.

டூமுக்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும் நகர்த்தும். எது எது என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பிச் சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும். தட்டையான பகுதி இரண்டாவது டேப்பின் மேல் உட்கார வேண்டும். ஏற்றம் ஆரம்பிக்கும் முனை நெட்டுக்குத்து டேப்பில் வர வேண்டும். பழைய வண்டிகளில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் உடைந்துவிடும். இறுக்கமாக இருந்தால் டபிள்யூடி-40 என்ற துரு இளக்கும் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் அடித்துக் காத்திருங்கள், முரட்டுத்தனம் வேண்டாம். நீளமான ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் கைவசம் இருந்தால் பாதி எரிச்சல் மிச்சம்.

எச்4 பல்பில் லோ பீமைச் சரிசெய்தால் ஹை பீம் தானாகவே சரியாகிவிடும்.

படி 6: எதிரே போய் நின்று பாருங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 106-ஆவது விதி இதற்கு ஓர் அளவே கொடுத்திருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருப்பவருக்குக் கூசக் கூடாது. அங்கே போய் நில்லுங்கள். உயரமானவர்கள் கொஞ்சம் குனிய வேண்டும். பல்பு வெளிச்சமாகத் தெரியலாம், ஆனால் முகத்தில் அடிக்கக் கூடாது.

பல்பு பற்றி

வெளிச்சம் போதவில்லை என்றதும் கடைக்காரர் 100/90 வாட் பல்பையோ எல்இடியையோ எடுத்து நீட்டுவார். இரண்டும் வேண்டாம் என்பேன். சாதாரண எச்4 என்பது 60/55 வாட். ரிஃப்ளெக்டர் டூம் அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. இழை இருக்க வேண்டிய இடத்தில் எல்இடி சில்லுகளை ஒட்டினால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். உங்களுக்கு முன்னால் பத்தடி தரை பளீரென்று இருப்பதால் நன்றாகத் தெரிவதுபோல் தோன்றும், தூரத்தில் ஒன்றும் தெரியாது. அந்தக் காசில் பிலிப்ஸ் அல்லது ஓஸ்ராம் சாதா பல்பும், பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் ரிலே வயரிங்கும் போடுங்கள். மெல்லிய வயரில் வீணாகும் வோல்டேஜ் பல்புக்குப் போய்ச் சேர்ந்தாலே வித்தியாசம் தெரியும். டூம் மஞ்சளடித்திருந்தால் முதலில் அதைத் தேய்த்து பாலிஷ் செய்யுங்கள்.

இரவுக்கென்று விற்கும் மஞ்சள் மூக்குக் கண்ணாடியும் வீண். 2019-ல் அமெரிக்காவில் டிரைவிங் சிமுலேட்டரில் சோதித்துப் பார்த்தார்கள். எதிர் வெளிச்சம் அடிக்கும்போது நடந்து போகிறவரைக் கண்டுபிடிக்க அது உதவவில்லை. வரும் வெளிச்சத்தையும் குறைக்கிற கண்ணாடியை இருட்டில் எதற்குப் போட வேண்டும்?

ரோட்டில்

எதிரே வெளிச்சம் வந்தால் அதைப் பார்க்காதீர்கள், இடப்பக்கத்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். வேகத்தைக் கூச்சம் வரும் முன்பே குறைத்துவிடுங்கள். லோ பீமில் சுமார் 65 மீட்டர்தான் தெரியும். 80 கி.மீ. வேகத்தில் பார்த்து, பிரேக் அடித்து நிற்க அவ்வளவு தூரமும் தேவைப்படும். 60-க்கு இறங்கினால் சுமார் 45 மீட்டர் போதும்.

அவர் டிம் பண்ணவில்லையா, ஒரு தடவை லைட் அடித்துக் காட்டுங்கள், அவ்வளவுதான். பதிலுக்கு ஹை பீம் போட்டால் குறுகலான ரோட்டில் கண் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே வருகிறீர்கள் என்றுதான் அர்த்தம். நான்கு வழிச்சாலையில் நடுவே அரளி வைத்திருப்பது எதிர் வெளிச்சத்தை மறைக்கத்தான். செடி பட்டுப்போன இடத்திலும் யூ-டர்ன் இடைவெளியிலும் திடீரென்று அடிக்கும், தயாராக இருங்கள். பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்துக்கு, உள் கண்ணாடியின் அடியில் இருக்கும் சின்ன லீவரை இழுத்துவிட்டால் போதும். முன் கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள். அதில் படியும் மெல்லிய பிசுக்கு எல்லா வெளிச்சத்தையும் சிதறடித்துக் கூச்சத்தைக் கூட்டும்.

பிறகு சேர்த்தது

ஃபோகஸ் செட் செய்த பிறகும் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது எல்லோரும் லைட் அடித்தார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய மூட்டை. முன் பின் சக்கரத்துக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள காரில் பின்பக்கம் 2.5 செ.மீ. தாழ்ந்தாலே 1 சதவீதம் போய்விட்டது. அந்த லெவல் குமிழ் இதற்குத்தான் இருக்கிறது. ஆட்களும் பாரமும் ஏற ஏற எண்ணைக் கூட்டுங்கள், வெளிச்சம் கீழே இறங்கும். வண்டியில் குமிழ் இல்லையென்றால், எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டியைப் பாரத்தோடேயே செட் செய்துகொள்ளுங்கள்.

டூமின் நடுவே போலீஸ் ஒட்டும் கருப்பு ஸ்டிக்கர் போதாதா என்று இன்னொருவர் கேட்டார். அது கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்கும், மேலே பார்க்கும் விளக்கைக் கீழே பார்க்க வைக்காது.

பைக்குக்கும் இதே முறைதான். 2017 ஏப்ரலிலிருந்து வரும் பைக்குகளில் விளக்கை அணைக்கவே முடியாது என்பதால் அங்கே ஃபோகஸ் இன்னும் முக்கியம். பெரும்பாலும் ஹெட்லைட்டுக்கு அடியில் ஒரே ஸ்க்ரூ இருக்கும். ஸ்டாண்டில் போட்டுச் செய்யாதீர்கள். நீங்கள் மேலே உட்கார்ந்து வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் திருப்பட்டும்.