மறுவாழ்வுத் திட்டம் எங்கே சறுக்குகிறது?

கலிபோர்னியாவின் டப்ளின் நகரில் சாண்டா ரீட்டா சிறை இருக்கிறது. அலமீடா கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) சிறை அது. 2018 ஜூலையில் ஒரு நாள் நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் ஓர் இளம்பெண்ணை அங்கிருந்து விடுவித்தார்கள். அந்நேரத்தில் ரயில் ஓடாது. விடிகாலையில் பக்கத்து பார்ட் ரயில் நிலையத்தில் அவர் இறந்து கிடந்தார்.

தண்டனை முடித்தவர்களுக்காக அமெரிக்க உள்ளாட்சிகள் நடத்தும் மறுவாழ்வுத் திட்டங்களில் முதல் தவறு இதுதான்: விடுதலையை வெறும் கணக்கு முடிக்கிற வேலையாக நினைப்பது. ஆவணம் எப்போது தயாரோ அப்போது கதவு திறக்கும். ஆனால் உயிருக்கு மிகவும் ஆபத்தான காலம் அந்த முதல் சில நாட்கள்தான். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12.7 மடங்கு இருந்தது. போதைமருந்து அளவு மீறிச் சாவது மட்டும் 129 மடங்கு. உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது. அதனால் பகலில் விடுவிப்பது, வாசலில் ஓர் ஆளும் வண்டியும் நிற்பது, போதை அளவு மீறினால் உயிர் காக்கும் நலோக்சோன் மருந்தைக் கையில் கொடுத்தனுப்புவது என்று சில காரியங்களைச் செய்தாலே உயிர்கள் மிஞ்சும். பெரிய செலவில்லை. வாசலில் கிடைக்காத உதவி, மூன்று வாரம் கழித்து அலுவலகத்தில் கிடைத்து என்ன?

அடுத்தது காகிதம். அடையாள அட்டை இல்லாதவருக்கு வேலையும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. மருத்துவக் காப்பீடும் அப்படியே. சிறைக்குள் இருப்பவருக்கு மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பெரும்பாலும் பணம் தராது என்பதால், பல இடங்களில் அதை நிறுத்திவைக்காமல் அடியோடு ரத்து செய்துவந்தார்கள். வெளியே வந்தவர் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விடுதலைக்கு 90 நாள் முன்பிருந்தே சில சிகிச்சைகளுக்கு மெடிகெய்ட் பணத்தைப் பயன்படுத்த 2023 ஜனவரியில் கலிபோர்னியாதான் முதலில் அனுமதி வாங்கியது. அனுமதி இருந்தும், உள்ளே இருக்கும்போதே படிவத்தை நிரப்ப ஆள் வைக்காத கவுண்டிக்கு அதனால் பயனில்லை.

வீட்டு விஷயத்தில் நடப்பதுதான் எனக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. “கூட்டரசுச் சட்டம் அனுமதிக்காது” என்று, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு வாடகைக்குத் தரும் பொதுக் குடியிருப்புகளின் அலுவலகங்களில் கை விரிப்பார்கள். கூட்டரசு விதிப்படி ஆயுள் முழுக்கச் சேர்க்கவே கூடாதவர்கள் இரண்டே வகையினர்: அரசு உதவிபெறும் குடியிருப்பில் மெத் போதைப்பொருள் தயாரித்துத் தண்டனை பெற்றவர்கள், பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் ஆயுள் முழுக்க இருக்க வேண்டியவர்கள். மற்றவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் உள்ளூர் வாரியம் வைத்ததுதான் சட்டம். அதாவது, ஒரு கையால் மறுவாழ்வுக்கு மானியம் தந்து, மறு கையால் அதே ஆள் அந்தக் குடியிருப்பிலுள்ள தன் அம்மாவின் வீட்டில் தங்குவதைத் தடுப்பது. தங்கவைத்தால் அம்மாவின் வீடும் போய்விடும் என்ற பயம் வேறு. கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரம் 2016லும் ஓக்லண்ட் நகரம் 2020லும் வாடகைக்கு வருபவரின் குற்றப் பின்னணியைத் துருவுவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. ஓக்லண்டில் தனியார் வீட்டுக்காரர்களையும் சேர்த்தார்கள்.

வேலை விண்ணப்பத்தில் “தண்டனை பெற்றதுண்டா?” என்ற கட்டத்தை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பதும் ஒரு தவறு. நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் சுமார் 15,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்த ஆய்வில், கட்டம் இருந்தபோது கறுப்பினத்தவரைவிட வெள்ளையருக்கு 7 சதவீதம் கூடுதல் அழைப்பு. அந்தக் கட்டத்தை நீக்கிய நிறுவனங்களில் அது 43 சதவீதம் ஆனது. கேட்க முடியாததை முதலாளிகள் விண்ணப்பதாரரின் பெயரைப் பார்த்து ஊகித்துக்கொண்டார்கள். கட்டத்தை நீக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே நகராட்சி தன் சொந்த வேலைகளிலும் ஒப்பந்தங்களிலும் இவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம் பணம். 2011 அக்டோபரில் கலிபோர்னியா கடுமையற்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களுக்கான பொறுப்பை மாநிலத்திடமிருந்து கவுண்டிகளுக்கு மாற்றியது. நிதியும் கூடவே வந்தது. அதற்குத் திட்டம் போடும் செயற்குழுவில் ஏழு பேர்: நன்னடத்தைத் துறைத் தலைவர், ஷெரீப், காவல் தலைவர், அரசு வழக்கறிஞர், அரசு செலவில் பிரதிவாதிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர், நீதிமன்றத்தின் சார்பில் ஒருவர், சமூகநலம் போன்ற துறையிலிருந்து ஒருவர். சிறைக்குப் போய் வந்தவருக்கென்று நாற்காலி இல்லை. பணம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டுமா? அலமீடா கவுண்டி 2015இல், இந்த நிதியில் பாதி சமூக அமைப்புகளுக்கு என்று முடிவெடுத்ததற்கு, வெளியே நின்று போராடியவர்கள்தான் காரணம். அப்படி ஒதுக்கினாலும் “முதலில் செலவழியுங்கள், ரசீது காட்டினால் தருகிறோம்” என்று ஒப்பந்தம் போட்டால், நாலு பேர் நடத்தும் சின்ன அமைப்பு மூன்றாவது மாதச் சம்பளத்துக்கே திணறும்.

கடைசியாக, மறுகைது எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவது. 2012இல் 34 மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களில் சுமார் 62 சதவீதம் பேர் மூன்றாண்டுக்குள் மறுபடி கைதானார்கள். இதில் புதுக் குற்றமும் உண்டு, கண்காணிப்பு நிபந்தனையை மீறியதும் உண்டு. செவ்வாய் காலை பத்து மணிக்கு அதிகாரி முன் ஆஜராகச் சொல்கிறார்கள். கிடங்கில் ஷிப்ட் ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. வேலைக்குப் போனால் நிபந்தனை மீறல். அலுவலகத்துக்குப் போனால் வேலை போச்சு. அறிக்கையில் இரண்டுமே திட்டத்தின் தோல்வி என்றுதான் பதிவாகும்.