அமெரிக்க அதிபர் பதவியேற்பை புதுச்சேரியில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி

முதலில் நேரத்தைச் சரியாகப் பிடியுங்கள். வாஷிங்டனில் ஜனவரி 20 நண்பகல் என்றால் நமக்கு இரவு 10.30. அடுத்தது 2029-ல், சனிக்கிழமை, பொங்கல் பலகாரம் மிச்சமிருந்தால் நல்லது. பத்து மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுங்கள், உறுதிமொழி வெறும் 35 ஆங்கிலச் சொற்கள்தான், தண்ணீர் குடிக்க எழுந்து போனால் போச்சு.

நம்மூர் முதல்வருக்குத் துணைநிலை ஆளுநர் செய்து வைப்பதை அங்கே வழக்கமாக உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி செய்கிறார். 2009-ல் ஒபாமாவுக்குச் சொல்லித் தரும்போது சொற்கள் இடம் மாறிவிட்டன, எதற்கு வம்பு என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் இன்னொரு தடவை எடுத்தார்கள்! அதனால் இந்த இடத்தில் காதைத் தீட்டி வையுங்கள். கையடியில் பைபிள் இருக்கும், ஆனால் அது மரபுதான், சட்டம் கேட்பதில்லை.

அப்புறம் உரை. முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1793-ல் 135 சொற்களில் முடித்துக்கொண்டார். 1841-ல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் குளிரில் மேல்கோட்டு இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட பேசினார், ஒரே மாதத்தில் இறந்தும் போனார் (குளிர்தான் காரணம் என்பதை இப்போது பலர் ஏற்பதில்லை). அப்போதெல்லாம் விழா மார்ச் 4-ல் நடந்தது, 20-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபிறகு 1937 முதல்தான் ஜனவரி.

விருந்து, அணிவகுப்பு எல்லாம் நமக்கு நள்ளிரவு தாண்டித்தான். அதை காலையில் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம், தூங்கப் போங்கள்.