பழைய டீசல் டேங்க் இருந்த இடத்தில் தண்ணீரைச் சோதிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

இராமநாதபுரம் கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே ஒரு சாண் நீர்மட்டம் குறைந்தால் கீழே உப்புநீர் ஏறி எட்டு, ஒன்பது மீட்டர் நன்னீர் போய்விடும். தண்ணீரைவிட இலேசான பெட்ரோலும் டீசலும் கசிந்தால் அந்த நன்னீரின் தலையில்தான் வந்து படுக்கும். படகுகளுக்கு டீசல் நிரப்பிய பழைய டேங்கைத் தோண்டி எடுத்துவிட்டதால், ஏற்கெனவே கசிந்தது மறைந்துவிடாது. அதனால்தான் நிலத்தடி நீர் வரை கண்காணிப்புக் குழாய் இறக்கிச் சோதிக்கிறோம்.

இதில் என்னை மிகவும் வருத்தும் தவறு, மழை முடிந்த கையோடு ஒரே ஒரு முறை சோதித்துவிட்டுச் 'சுத்தம்' என்று எழுதுவது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். நீர்மட்டம் ஏறும்போது மணல் இடுக்குகளில் உள்ள எண்ணெய் தண்ணீருக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். குழாயில் ஒன்றும் தெரியாது. ஆவணி, புரட்டாசியில் மட்டம் இறங்கியதும் அதே எண்ணெய் விடுபட்டுக் குழாய்க்குள் வடியும். தை மாதத்தில் தெளிந்த நீர் தந்த குழாய் ஒன்றில் புரட்டாசியில் பெய்லரை, அதாவது நீர் மொள்ளும் குழலை, இறக்கித் தூக்கினேன். தண்ணீரின் மேல் விரற்கடை உயரத்துக்குத் தேன் நிறத்தில் டீசல் நின்றது. ஆகவே வறண்ட காலச் சோதனை கட்டாயம் வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை எடுப்பது நல்லது. குழாயின் சல்லடைத் துளைகளும் மழைக்கால மட்டத்துக்கு மேலிருந்து கோடைக்கால மட்டத்துக்குக் கீழ் வரை இருக்க வேண்டும். துளை முழுவதும் நீருக்குள் மூழ்கிக் கிடந்தால், மிதக்கும் எண்ணெய் உள்ளே வர வழியே இல்லை.

நீரோட்டத்தின் திசையை அறியக் குறைந்தது மூன்று குழாய்கள் தேவை. அவற்றைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அளக்காதீர்கள். பாக் நீரிணையில் ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், சிறியதுதான்; ஆனால் சமமான மணலில் குழாய்க்குக் குழாய் மட்ட வேறுபாடும் சில சென்டிமீட்டர்தான். ஏற்றத்தில் ஒன்றையும் வற்றத்தில் மற்றொன்றையும் அளந்தால், கிழக்கே போகும் நீர் மேற்கே போவதாக வரைபடம் காட்டிவிடும்.

குழாயில் தேங்கிய பழைய நீரை வெளியேற்ற மோட்டாரை வேகமாக ஓட்டுவதும் கெடுதல். அடியிலுள்ள உப்புநீர் மேலேறும். எரிபொருளில் உள்ள, எளிதில் ஆவியாகும் நச்சான பென்சீன் காற்றோடு போய்விடும். மெதுவாக இறையுங்கள். டீசல் ஜெனரேட்டரைக் காற்று வரும் பக்கம் வைக்காதீர்கள். வழியில் வண்டிக்கு எரிபொருள் போட்ட கையுறையுடன் குப்பியைத் தொடாதீர்கள்.

தண்ணீர் பாட்டிலில் மாதிரி எடுத்துவந்து கொடுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். பென்சீனுக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி வேண்டும். விளிம்பு ததும்ப நிரப்பி மூடியபின் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழி ஏறினாலும் அந்த மாதிரி வேண்டாம், வேறு எடுங்கள். அமிலம் சேர்த்த குப்பி 4 டிகிரி குளிர்ச்சியில் 14 நாள் தாங்கும். மீன் இறங்கும் கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குப்பியை உறையவிட்டால் வெடித்துவிடும்.

கண்ணையும் மூக்கையும் நம்பித் தீர்ப்பு எழுதுவது அடுத்த தவறு. ஊற்றுக்குழியில் சிரட்டையால் கோரிக்கொண்டிருந்த ஓர் அக்கா, "தம்பி, எண்ணெய் மிதக்கிறதே, பாருங்கள்" என்று காட்டினார். வானவில் நிறத்தில் ஆடை படிந்திருந்தது. குச்சியால் கலைத்ததும் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றது. அது இரும்பு பாக்டீரியாவின் வேலை; எண்ணெயாக இருந்தால் மீண்டும் ஒன்றுகூடியிருக்கும். ஆனால் ஆடை எதுவும் இல்லாத நீரும் நல்ல நீர் என்று ஆகிவிடாது. குடிநீரில் பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதன் மணம் மூக்கில் படுவதற்கோ இதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு கலந்திருக்க வேண்டும்.

அந்த அக்காவின் ஊற்று, டேங்க் இருந்த வேலிக்கு வெளியே, நீர் ஓடும் திசையில் இருந்தது. சோதனைப் பட்டியலில் அது இல்லை. வேலிக்குள் உள்ள குழாய்களோடு நின்றுவிடாமல், மக்கள் குடிக்கும் இடத்தையும் சேருங்கள். திறந்த குழியில் பென்சீன் ஆவியாகிவிடுவதால், குழி நீரை மட்டும் எடுத்தால் அளவு குறைத்தே காட்டும். ஊற்றுக்கு அருகிலேயே ஒரு சிறு குழாய் இறக்கி, அதிலிருந்து மாதிரி எடுங்கள்.