சின்னப் பையனும் அங்கிளும்: வயதை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் பெரியப்பா வீட்டில் நிலப் பத்திரம் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் வாயைத் திறந்ததுமே, "நீ சின்னப் பையன், உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அடக்கிவிட்டார். எனக்கு வயது 46, அவருக்கு 79. மறுநாள் செல்போன் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்த பையன், "அங்கிள், எழுத்தைப் பெருசா வெச்சுத் தரவா?" என்று கேட்டான். இருவர் சொன்னதும் பொய்யில்லை. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் நான் அப்படித்தான் தெரிவேன். நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை மறந்துவிடும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

அதிலும் பெரிய தவறு, இன்றைய பிள்ளைகளை நம் நினைவில் இருக்கும் 'அந்தக் கால நாம்' என்ற ஆளோடு ஒப்பிடுவது. அப்படி ஓர் ஆள் பெரும்பாலும் இருந்ததே இல்லை. ஜான் புரோட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிறையப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள்தான் 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதே இல்லை' என்று அதிகமாகக் குறைபட்டார்கள். பெரியவர்களுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பதில் பிடிவாதமானவர்களுக்கு, மரியாதை குறைந்துபோனதுதான் குறை. எதில் நாம் கெட்டியோ, அதில்தான் இளசுகள் மட்டமாகத் தெரிகிறார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று: இப்போதைய நம்மையே கொண்டுபோய்ப் பழைய வயதில் உட்கார வைத்து, 'நான் அப்போதே இப்படித்தான்' என்று நம்பிவிடுகிறோம்.

எனக்கும் இது நடந்தது. உன் வயதில் நான் புத்தகப் புழு என்று மகளிடம் அளந்துகொண்டிருந்தேன். பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது தகரப் பெட்டியிலிருந்து என் ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு கிடைத்தது. தமிழில் 52. கீழே சிவப்பு மையில் 'விளையாட்டுப் புத்தி. கவனம் தேவை.' மகள் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். என் காலத்துப் பெருமை பேசும்போதெல்லாம் அதை எனக்கே அனுப்புகிறாள்.

இந்த இடத்தில் சிலர் சாக்ரடீஸைக் கூட்டி வருவார்கள். 'பிள்ளைகள் சொகுசுக்குப் பழகிவிட்டார்கள், பெரியவர்களை மதிப்பதில்லை' என்று அவர் அன்றே சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது அவர் சொன்னதல்ல. பண்டைய கிரேக்கர்கள் இளைஞர்களைப் பற்றிப் புலம்பியதைக் கென்னத் ஜான் ஃப்ரீமன் என்ற ஆங்கிலேயர் சுருக்கி எழுதியது, 1907-இல் வெளியானது. புலம்பல் பழசுதான், பெயர்தான் தப்பு.

அடுத்தது, வயதையும் தலைமுறையையும் போட்டுக் குழப்புவது. 'டூகே கிட்ஸ் ஒரு வேலையில் நிலைக்க மாட்டார்கள்' என்கிறோம். கடன் இல்லை, கல்யாணம் ஆகவில்லை, வயது 22. இந்த நிலையில் யார்தான் ஒரே இடத்தில் வேர் பிடிப்பார்கள்? தலைமுறையைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமானால், அப்பா தன் 22 வயதில் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். 45 வயது அப்பாவோடு ஒப்பிட்டால் தெரிவது வயது வித்தியாசம் மட்டும்தான்.

இளசுகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 'பூமர்' என்பது இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை எகிறிய 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களைக் குறிக்கும் சொல். இங்கே 35 வயதுக்காரர் 'சாப்பிடும்போது போனை வை' என்றாலே பூமர் அங்கிள் ஆகிவிடுகிறார். அவரும் ஒரு காலத்தில் கேபிள் டிவிக்காகத் திட்டு வாங்கியவர்தான்.

முதுமைக்கு ஒரு நிலையான எல்லை உண்டு என்று நினைப்பதும் தவறு. தலைவன் வீதியில் பவனி வருவதைப் பாடும் உலா இலக்கியங்களில் பெண்களுக்குச் சொல்லும் ஏழு பருவங்களில் கடைசியான பேரிளம்பெண்ணுக்கு வயது 32 முதல் 40 வரை. (அதிலும் 'இளம்' என்பதை விடாமல் வைத்தார்கள், நல்லவர்கள்.) தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. அதற்காக அவர்கள் முழங்கால் வலி இரண்டு ஆண்டு தள்ளிப் போகவில்லை. அப்புறம், சுதந்திரத்தின்போது சராசரி ஆயுள் 32 என்பதால் அன்று கிழவர்களே இல்லை என்று எண்ண வேண்டாம். பச்சைக் குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி அவ்வளவு கீழே போனது.

'வயசாயிடுச்சு, இனி என்ன' என்று நாமே முடிவு கட்டுவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவின் ஒஹாயோவில் 50 வயதைக் கடந்த 660 பேரை வைத்து பெக்கா லெவி குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு அதிகம் வாழ்ந்திருந்தார்கள். எண்ணம்தான் ஆயுளைக் கூட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

நாம் கட்டுவது போதாதென்று, பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து முடிவு கட்டுவார்கள். பெரியப்பாவை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார்: "சாப்பிடறாரா? நைட்டு தூங்கறாரா?" நானும் பதில் சொல்லிக்கொண்டே போனேன். பெரியப்பா சட்டைப் பொத்தானை நிதானமாகப் போட்டு முடித்தார்.

"நான் தூங்கறது இவனுக்கு எப்படி டாக்டர் தெரியும்? இவன் வேற வீட்டுல இருக்கான். அதுவும் சின்னப் பையன்."