பெரிய கில்ட்: தரையில் கொசுவி, படுத்து உடுத்தும் முறை

பெரிய கில்ட் என்பது இடுப்பில் பாவாடை போலச் சுற்றி, மீதியைத் தோளில் போடும் ஆடை. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ஃபீலா மோர். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் உடுத்திய இந்தப் பெரிய கில்டில் வெட்டித் தைத்த மடிப்பு ஒன்றுகூட இல்லை. ஒரே நீளத் துணி. அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு பெல்ட். ஆகவே பெல்ட் எங்கே விழுகிறது என்பதில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும்.

துணி 4.5 மீட்டர் நீளம், 140 முதல் 150 செ.மீ. அகலம். அந்தக் காலத் தறிகள் குறுகலானவை என்பதால் இரண்டு துணிகளை நீளவாக்கில் இணைத்து இந்த அகலத்தைக் கொண்டுவந்தார்கள். நடுத்தரக் கனமுள்ள கம்பளி டார்டன் (கட்டம் போட்ட ஸ்காட்லாந்துத் துணி) வாங்குங்கள். அக்ரிலிக் மலிவுதான், ஆனால் மடிப்பு நிற்காது, பெல்ட்டுக்குள் வழுக்கி இறங்கும். 5 செ.மீ. அகலத் தோல் பெல்ட், நீளமான லினன் சட்டை, ஒரு பெரிய ஊக்கு, இவை போதும்.

இடுப்பிலிருந்து முழங்கால் நடுவரை அளந்து, அதில் 2 செ.மீ. கழியுங்கள். படுக்கும்போது சரியாக இருக்கும் துணி, எழுந்ததும் பாரத்தில் சற்று இறங்கும். அதற்குத்தான் இந்தக் கழிவு. தரைவிரிப்பின் மேல் பெல்ட்டை நீட்டி வையுங்கள். வழவழப்பான தரையில் கொசுவம் கலைந்துபோகும். துணியைப் பெல்ட்டின் மேல் விரித்து, கீழ் ஓரம் அளந்த தூரத்தில் வருமாறு இழுத்துச் சரிசெய்யுங்கள்.

இனி கொசுவம். இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. என்றால், முன்பக்கம் மூடுவதற்கு இரு முனையிலும் 50 செ.மீ. மடிக்காமல் விடுங்கள். மீதி 350 செ.மீ. முதுகுப்பக்கத்து 45 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். ஒரு மடிப்புக்கு 25 செ.மீ. துணி எடுத்தால் 14 மடிப்பு. ஒவ்வொன்றிலும் வெளியே தெரிவது 3 செ.மீ. சொச்சம். எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும். டார்டன் கட்டத்தின் ஒரே கோட்டைப் பிடித்து மடித்தால் அளவுநாடாவே தேவைப்படாது. புதியவர்கள் பலர் முனைகளை அதிகமாக விட்டுவிடுவார்கள். அப்போது பின்பக்கம் மெலிந்து, கில்ட் வெறும் போர்வை போலத் தெரியும்.

இடுப்பு பெல்ட்டின் மேல் வருமாறு மல்லாந்து படுங்கள். முதலில் வலப்பக்க முனையை வயிற்றின் குறுக்கே கொண்டுவாருங்கள், அதன்மேல் இடப்பக்க முனை. பெல்ட்டை இறுக்கிப் பூட்டுங்கள். தளர்வாகப் பூட்டினால் எழும்போதே பாதி மடிப்பு நழுவிவிடும்.

எழுந்ததும் மேல்பாதி பெல்ட்டுக்கு மேலாகக் கீழே சரிந்து தொங்கும். வலப்பக்க முன்மூலையைப் பெல்ட்டில் செருகுங்கள். பின்னால் தொங்குவதைத் திரட்டி இடது தோளில் ஏற்றி, துணியோடு துணியைச் சேர்த்து ஊக்குக் குத்துங்கள். சட்டையில் மட்டும் குத்தினால் பாரம் அதைக் கிழித்துவிடக்கூடும். வலக்கை வேலைக்குத் தடையின்றி இருக்கும். பழைய ஓவியங்களில் மேல்பாதி பலவிதமாகக் கட்டப்பட்டிருக்கிறது, எனவே இது ஒன்றே சரி என்று எண்ண வேண்டாம். மழை வந்தால் ஊக்கைக் கழற்றித் தலைமேல் போர்த்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறையும் படுக்க முடியாதவர்கள், மடிப்புகளின் உட்புறம் பெல்ட் உயரத்தில் சிறு வளையங்கள் தைத்து ஒரு கயிறு கோத்துக்கொள்ளலாம். கயிற்றை இழுத்ததும் கொசுவம் கூடிவரும், நின்றபடியே கட்டலாம்.