முதல் தொழில்நுட்ப மாநாட்டில் ஓரமாக நிற்காமல் இருப்பது எப்படி?

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்கு இ.டி.எஸ். மின்சார ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். அவ்வளவு தூரம் போய், முதல் மாநாட்டின் தேநீர் இடைவேளை முழுவதையும் சுவரோரம் சார்ஜ் போடும் இடத்தில் கழித்தவன் நான். கைப்பேசியில் 90 விழுக்காடு மின்னூட்டம் இருந்தது. இருந்தும் கம்பியைச் செருகிவிட்டுக் குனிந்தே நின்றேன். ரப்பர் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், அம்மா கிராணிக்கு (தோட்டக் கணக்கருக்கு) முன் நின்ற அதே நிற்பு. பெயர் கூப்பிட்டால்தான் வாய் திறக்கலாம் என்ற பழக்கம் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்த பிறகும் கூடவே வந்துவிடுகிறது. அதை உதற எனக்கு மூன்று மாநாடுகள் ஆயின.

படி 1: வேலை கேளுங்கள்

மாணவர் கட்டணம் உண்டா என்று பாருங்கள். அதைவிட நல்ல வழி, தன்னார்வலராகப் பெயர் கொடுப்பது. பதிவு மேசையில் பெயர் அட்டை எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தால் யோகம்தான். வருகிறவர்கள் தாங்களாகவே வந்து பெயரைச் சொல்வார்கள். கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் பிள்ளைக்குக் கூச்சம் வந்து பார்த்திருக்கிறீர்களா? அப்படியே மாநாட்டின் நடத்தை நெறியையும் படித்து, தொல்லை நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: நடைக்கூடத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்

பல மாநாடுகளின் உரைகள் பிறகு யூடியூபில் வந்துவிடும். வாசலில் நின்று பேசியது எங்கும் வராது. அதனால் பழகியவர்கள் நடைக்கூடத்தையும் ஓர் அமர்வாகவே கணக்கில் வைப்பார்கள். காலையில் இரண்டு உரை, மாலையில் ஒன்று போதும்.

படி 3: வட்டத்துக்குள் நுழைவது

இதுதான் கடினமான இடம். மென்பொருள் ஆவணங்களுக்கான 'ரீட் தி டாக்ஸ்' தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் இதற்கு 'பேக்-மேன் விதி' என்று ஒன்றைச் சொன்னார். நின்று பேசும்போது வட்டத்தை மூடாமல், பழைய வீடியோ விளையாட்டில் வாய் திறந்த மஞ்சள் வட்டமாக வரும் பேக்-மேனைப் போல ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட வேண்டும். ஒருவர் வந்து நிரப்பினால், எல்லாரும் சற்று நகர்ந்து இன்னோர் இடைவெளி விட வேண்டும். மாநாட்டுக்காரர்கள் பலருக்கு இது தெரியும்.

எனவே வெளியே நிற்கும் நீங்கள் அவர்களின் கால்களைப் பாருங்கள். இருவர் நேருக்கு நேர் நெருங்கி நின்றால் விட்டுவிடுங்கள். யாராவது ஒருவரின் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அதுதான் வாசல். போய் நின்று இரண்டு நிமிடம் கேளுங்கள். பிறகு, "இதை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி. எங்கே வேலை செய்கிறீர்கள் என்று தொடங்காதீர்கள். அது சம்பளச் சீட்டைக் கேட்பது போல. கழுத்தில் தொங்கும் அட்டை புரண்டு வெள்ளைப் பக்கம் காட்டும், அடிக்கடி திருப்பிவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மலாய்க்கு மாறுங்கள், ஒருவரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

எந்த ஊர் என்று கேட்டால் நான் 'ஈப்போ' என்று பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை மட்டும் வாய் தவறி, "அம்மா பால்மரம் வெட்டினார்" என்றேன். ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். எதிரே நின்றவர் எடைக் கருவிகளுக்கு நிரல் எழுதுகிறவர். பாலை எப்படி நிறுப்பார்கள், தண்ணீர் கலந்தால் எப்படித் தெரியும் என்று துருவினார். பாலின் எடையோடு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்றும் பார்த்துக் கணக்கு எழுதுவார்கள் என்றேன். மதியச் சோறு ஆறிப்போகும் வரை பேசினோம்.

படி 4: சாப்பாடும் மாலையும்

கூட வந்த நண்பர்களோடு உட்காராதீர்கள். மாலை விருந்தில் மது இருந்தால் குடித்தாக வேண்டும் என்று ஒன்றுமில்லை. படம் எடுக்குமுன் கேளுங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மறக்காதீர்கள்.

படி 5: திரும்பும் ரயிலில்

வழியில் தஞ்சோங் மாலிம் நிலையம் வருவதற்குள், சந்தித்தவர்களின் பெயரோடு பேசிய விஷயத்தையும் எழுதிவிடுங்கள். மறுநாளே செய்தி அனுப்புங்கள். "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மொட்டையாக எழுதினால் யாரென்று தெரியாது. நான் அந்த எடைக் கருவிக்காரருக்கு இப்படி எழுதினேன்: "ஐயா, நேற்று ரப்பர் பாலைப் பற்றிப் பேசியவன். அம்மாவிடம் கேட்டேன், தண்ணீர் கலந்தால் கிராணிக்குத் தெரியாமல் போகாதாம்."