வயிற்றுப் புற்றுநோய் ஒப்பரேசன்: முதுகில் போடும் நோ மருந்துகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து வயிற்றுப் புற்றுநோய் ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள், மயக்க மருந்து வைத்தியர் முன்கூட்டிப் பார்க்கும்போதே நோவுக்கு முதுகில் என்ன போடுவார்கள் என்று கேளுங்கள். முள்ளந்தண்டில் ஒரே ஊசியாக மிகக் கொஞ்சம் மோர்பின் போட்டால் கிட்டத்தட்ட ஒரு நாள் தாங்கும். ஆனால் உடம்பு கடிக்கலாம், சத்தி வரலாம், சலம் அடைக்கலாம், அரிதாகப் பல மணித்தியாலம் கழித்தும் மூச்சு மந்தமாகலாம், அதனால்தான் தாதிமார் இரவிரவாக வந்து பார்ப்பார்கள், சினக்காதீர்கள்.

பெரிய வெட்டென்றால் எபிடியூரல். முதுகில் வைக்கும் மெல்லிய குழாய் வழியே பியூபிவகெயின் என்ற விறைப்பு மருந்தும் ஃபென்டனில் என்ற நோ மருந்தும் சில நாட்கள் போகும். பிரசர் இறங்கலாம். கால் புதிதாக அசையாமல் போனால் உடனே சொல்லுங்கள், விடியட்டும் என்று இருக்கவே வேண்டாம்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் எடுப்பவர்கள் கிளினிக்கிலேயே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.